முதலில் எந்த ஒயர்?

பிள்ளைகளா, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வேடிக்கைக்குக் குறைவே இல்லை. ஷிப்ட் மாறும் நேரமென்றால் வரிசையாகக் கம்பெனி பஸ்கள் வரும். புதுக் கார்களை மேலும் கீழுமாக அடுக்கிக்கொண்டு நீளமான லாரிகள் திரும்பும். நடுநடுவே ஏரிக்கரையும் தெரியும்.

அந்த வட்டாரத்தில் தயாராகும் இரண்டு பொருட்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். ஒன்று சோலார் பேனல். இன்னொன்று டிவி. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிற்சாலை 2007இலிருந்து டிவி செய்கிறது.

"சோலாருக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம், மாமா?" என்று மனசுக்குள் கேட்டீர்கள் அல்லவா? அப்படிக் கேட்கிற பிள்ளைகளைத்தான் எனக்குப் பிடிக்கும். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் வெயிலுக்குப் போவோம்.

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஃபர்ஸ்ட் சோலார் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. 2024 ஜனவரியில் திறந்தார்கள். ஒரு பக்கம் வெறும் கண்ணாடியாக உள்ளே போவது, ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் மறுபக்கம் சோலார் பேனலாக வெளியே வந்துவிடும்.

ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்கு அங்கே பேனல் செய்யலாம். ஒரு கிகாவாட் என்பது 100 கோடி வாட். அப்படியானால் மொத்தம் 330 கோடி வாட். ஒரு பேனலுக்கு 500 வாட் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். 66 லட்சம் பேனல் வருகிறதா? சபாஷ்!

தெருவிளக்குக் கம்பத்தின் தலையில் கருநீலமாக ஒரு பேனல் இருக்குமே, அது சிலிக்கானால் ஆனது. பிள்ளைப்பாக்கத்துப் பேனலில் சிலிக்கான் கிடையாது. அதில் இருப்பது காட்மியம் டெல்லூரைடு. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். துத்தநாகத்தைச் சுத்தம் செய்யும்போது உபரியாகக் கிடைப்பது காட்மியம். செம்பைச் சுத்தம் செய்யும்போது உபரியாகக் கிடைப்பது டெல்லூரியம். இரண்டும் சேர்ந்த பொருளை ஆவியாக்கிக் கண்ணாடி மேல் படியவிடுகிறார்கள். படிகிற படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். உங்கள் தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன்.

பிறகு லேசரால் அந்தப் படலத்தில் கோடு கோடாகக் கீறி, இருநூற்றுக்கும் அதிகமான மெல்லிய பட்டைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பட்டையும் ஒரு குட்டி செல். ஒவ்வொன்றும் தருவது ஒரு வோல்ட்கூட இல்லை. ஆனால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால் மொத்தம் 200 வோல்ட்டைத் தாண்டிவிடும்!

அதனால் இந்தப் பேனல் நம் மொட்டைமாடிக் குட்டிக் கண்ட்ரோலருக்கு (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்) ஆகாது. மாட்டினால் கண்ட்ரோலர் போயே போய்விடும். இது ஏக்கர் கணக்கில் பரப்பி வைக்கிற பெரிய சூரிய மின்நிலையங்களுக்கானது. நமக்கு 12 வோல்ட் பேட்டரிக்கென்று கடையில் விற்கும் 36 செல் சிலிக்கான் பேனல் போதும்.

இப்போது ஒரு புதிர். '12 வோல்ட் பேனல்' என்று சொல்லித்தான் கடைக்காரர் அதைக் கொடுப்பார். எதிலும் இணைக்காமல் நல்ல வெயிலில் காட்டி, மீட்டர் வைத்துப் பாருங்கள். 21, 22 வோல்ட் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. பேனல் சூடேறினால் வோல்ட் குறையும். கரண்ட் எடுக்க ஆரம்பித்தாலும் குறையும். குறைந்த பிறகும் பேட்டரிக்குள் கரண்டைத் தள்ளியாக வேண்டுமே! அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துச் செய்கிறார்கள்.

ஆனால் அந்தக் கூடுதல்தான் பேட்டரிக்கு வினை. இன்வெர்ட்டருக்கு வைக்கிற லெட் ஆசிட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட். பேட்டரி நிறைந்த பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழ்விட்டு வெளியேறும். வீட்டில் அவ்வப்போது பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? அப்படிப் போன தண்ணீரைத்தான் திரும்ப ஊற்றுகிறார்கள். ஹைட்ரஜன் சின்னத் தீப்பொறியிலும் பற்றிக்கொள்ளும். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைப்பது அதனால்தான்.

ரொம்ப இறங்கவிட்டாலும் ஆபத்து. ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

அளவுக்கு மேல் ஏறவும் விடக்கூடாது, அடியோடு இறங்கவும் விடக்கூடாது. இந்தக் காவல் வேலையைச் செய்வதுதான் சார்ஜ் கண்ட்ரோலர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா.

பட்டம் விட்டிருக்கிறீர்களா? கிளம்பும்போது நூலை விறுவிறுவென்று விடுவீர்கள். உயரம் போனதும் அளந்து அளந்து விடுவீர்கள். உச்சியில் நின்ற பிறகு, அது இறங்கிவிடாதபடி விரலால் லேசாகச் சுண்டிக்கொண்டே இருப்பீர்கள். கண்ட்ரோலர் செய்வதும் அதேதான். பேட்டரி காலியாக இருக்கும்போது பேனல் தருகிற கரண்ட் முழுவதையும் உள்ளே விடும். வோல்ட் 14.4ஐத் தொட்டதும் மேலே ஏறவிடாமல் அங்கேயே பிடித்துக்கொள்ளும். கரண்ட் தானாகக் குறைந்துகொண்டே வரும். நிறைந்த பிறகு 13.6, 13.8 என்று சும்மா தாங்கிக்கொண்டிருக்கும்.

இரவில் விளக்கு எரிந்து பேட்டரி 11 வோல்ட் பக்கம் இறங்கினால் கண்ட்ரோலரே விளக்கை அணைத்துவிடும். பேட்டரியிலிருந்து கரண்ட் பேனல் பக்கம் திரும்பிக் கசியாமலும் பார்த்துக்கொள்ளும். இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் பட்டம் வந்த இடத்திலிருந்து இன்னொரு தடவை படியுங்கள். அவசரமே இல்லை.

சரி, இனி மாட்டலாம். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இதில் பேரமே கிடையாது. 12 வோல்ட் கையில் ஷாக் அடிக்காதுதான். ஆனால் பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரு ஸ்பேனர் தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். மோதிரம், காப்பு, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

கண்ட்ரோலரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆறு ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஸ்குரூ. இரண்டிரண்டாகப் பிரித்து மூன்று படங்கள் போட்டிருக்கும்: பேனல், பேட்டரி, பல்ப். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். சிவப்பு ஒயர் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு.

மூன்று ஜோடி இருக்கிறதே, முதலில் எந்த ஒயர்? யோசியுங்கள். அடுத்த வரியைப் பார்க்காதீர்கள்!

"வெயில் பேனலில்தானே விழுகிறது, அதனால் பேனல்" என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். நியாயமான பதில்தான். ஆனால் சரியான பதில் பேட்டரி.

ஏன் என்று சொல்கிறேன். பல கண்ட்ரோலர்கள் 12 வோல்ட் பேட்டரிக்கும் பொருந்தும், 24 வோல்ட் பேட்டரிக்கும் பொருந்தும். எது வந்திருக்கிறது என்று அது எப்படித் தெரிந்துகொள்ளும்? உயிர் வந்ததும் முதலில் தன்மேல் எத்தனை வோல்ட் விழுகிறதோ அதை அளக்கும். 12.6 என்றால் 'இது 12 வோல்ட் வீடு' என்று முடிவு செய்யும். 25 என்றால் '24 வோல்ட் வீடு'. அந்த முதல் அளவைக் கொண்டுதான் அப்புறம் எல்லாக் கணக்கும்.

பேனலை முதலில் மாட்டிவிட்டால் என்ன ஆகும்? பேனல் 21 வோல்ட் தருகிறதே! சில கண்ட்ரோலர்கள் அதைப் பார்த்து '24 வோல்ட் வீடு போலிருக்கிறது' என்று நம்பிவிடும். பிறகு 12 வோல்ட் பேட்டரியை மாட்டினால், 28.8 வோல்ட் வரை ஏற்றலாம் என்று தள்ளிக்கொண்டே இருக்கும். பேட்டரி கொதித்துப்போகும். வேறு சில கண்ட்ரோலர்கள், தாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாததால் தாங்களே பழுதாகிவிடும்.

ஆகவே முதலில் பேட்டரி. பிளஸ் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். திரையில் எண் தெரிந்ததும் அது மீட்டர் காட்டும் வோல்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது பேனல். அதை மாட்டும்போது மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடிவையுங்கள். கடைசியில் பல்ப். கழற்றும்போது அப்படியே தலைகீழ்: பல்ப், பேனல், பேட்டரி.

அடுத்தது பேட்டரி வகை. மலிவான கண்ட்ரோலர்களில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பி1, பி2, பி3 என்று வரும். தண்ணீர் ஊற்றும் பேட்டரி, மூடிய பேட்டரி, ஜெல் பேட்டரி என்று வகைக்கு ஒன்று. எந்த எண் எந்த வகைக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி என்றால், அதற்கான வகை அந்தக் கண்ட்ரோலரில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

நம்மூர் வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. 14.4 வோல்ட் என்று சொன்னேனே, அது 25 டிகிரி வெப்பத்துக்கு. மே மாதத்தில் பேட்டரி 40 டிகிரிக்குப் போனால் அதே 14.4 அதற்கு அதிகம். லெட் ஆசிட்டில் ஒவ்வொரு டிகிரிக்கும், ஒவ்வொரு அறைக்கும், சுமார் 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். 15 டிகிரி, ஆறு அறை, 4 மில்லிவோல்ட். பெருக்குங்கள். 360 மில்லிவோல்ட். அதாவது 14.4 அல்ல, 14 வோல்ட் பக்கம் நிறுத்த வேண்டும். நல்ல கண்ட்ரோலரில் இதற்கென்றே வெப்பத்தை அளக்கும் சென்சார் இருக்கும். அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்பேன். நம் மாவட்டத்துக்கு அது ஆடம்பரமே இல்லை.

கண்ட்ரோலரில் சாதாரண பிடபிள்யூஎம், விலை கூடின எம்பிபிடி என்று இரண்டு வகை உண்டு. விலை கூடினது தேவையா என்று கேட்பீர்கள். 100 வாட் பேனல் 18 வோல்ட்டில் ஐந்தரை ஆம்பியர் தரும். சாதாரண பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் பேனலை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கே இழுத்துவிடும். 13ஐ ஐந்தரையால் பெருக்கினால் 72 வாட்கூட வராது. எம்பிபிடி அந்த 18 வோல்ட்டையும் முழுசாக வாங்கி, 13 வோல்ட்டாக மாற்றி, கரண்டைக் கூட்டித் தரும். ஆனால் பேனல் சூடாகும்போது 18 என்பதே 16 பக்கம் இறங்கிவிடுவதால், நம் வெயிலில் இந்த லாபமும் சுருங்கும். ஒரே ஒரு சின்னப் பேனலுக்கு சாதாரணக் கண்ட்ரோலரே போதும் என்பது என் கட்சி.

இப்போது டிவிக்கு வருவோம். மழை வலுத்தால் டிஷ் டிவியில் படம் என்ன ஆகிறது? நடிகரின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். மூக்கு ஓரிடம், காது ஓரிடம். ஆகாயத்திலிருந்து வரும் அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. தகவல் பாதிதான் வந்து சேர்கிறது. சரி, பாதி வந்தால் பாதிப் படம்தானே தெரிய வேண்டும்? ஏன் கட்டங்கள் இடம் மாறி ஓடுகின்றன?

அதற்கும் ஒரு கணக்குப் போடலாம். முழு எச்டி படத்தில் அகலம் 1920 புள்ளி, உயரம் 1080 புள்ளி. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். நொடிக்கு 25 படம். மொத்தம் நொடிக்குப் பதினைந்தரைக் கோடி பைட்! 8 ஜிபி பென்டிரைவ் ஒரு நிமிடத்துக்குள் நிறைந்துவிடும். அப்புறம் எங்கே சினிமா பார்ப்பது?

அதனால் வீடியோ ஒரு தந்திரம் செய்கிறது. முதலில் ஒரு முழுப்படத்தை அனுப்பும். அதன்பின் முழுசாக எதையும் அனுப்பாது. 'சுவர் அப்படியே இருக்கட்டும். இந்தக் கட்டத்தை மட்டும் எட்டுப் புள்ளி வலப்பக்கம் நகர்த்து' என்று மாற்றங்களை மட்டும் சொல்லும். இந்தக் கட்டம் பெரும்பாலும் 16க்கு 16 புள்ளி. சிறிது நேரத்தில் மறுபடி ஒரு முழுப்படம் வரும். பிறகு மறுபடி மாற்றங்கள்.

முழுப்படம் மழையில் தொலைந்துவிட்டது, மாற்றங்கள் மட்டும் வந்து சேர்ந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவி என்ன செய்யும்? கையில் இருக்கும் பழைய படத்தின் கட்டங்களை எடுத்துப் புது உத்தரவுப்படி நகர்த்தும். கிரிக்கெட் மைதானத்தின் புல், செய்தி வாசிப்பவரின் தாடையாக அசையும். அடுத்த முழுப்படம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும்.

சம்பந்தம் தெரிந்துவிட்டதா? கண்ட்ரோலர் முதலில் பார்த்த வோல்ட்டை வைத்துக்கொண்டு மீதியைக் கணக்குப் போடுகிறது. டிவி முதலில் பார்த்த படத்தை வைத்துக்கொண்டு மீதியை வரைகிறது. கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு கைத்தட்டல்!

வித்தியாசம் ஒன்று உண்டு. பேட்டரியில் முதலாவது தப்பினால் நஷ்டம். படத்தில் தப்பினால் கூத்து. அந்தக் கூத்தை வேண்டுமென்றே செய்வதைத்தான் கிளிட்ச் என்கிறார்கள். கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் என்ற கலைஞர் 1965இலேயே ஒரு பழைய குழாய் டிவியின் மேல் பெரிய காந்தத்தை வைத்து, படத்தை வளைத்து நெளித்துக் கண்காட்சியில் வைத்தார். (வீட்டு டிவியில் முயற்சி செய்து அடி வாங்கினால் நான் பொறுப்பல்ல.) இப்போது சினிமா டீசர்களில் ஹீரோவின் பெயர் சிவப்பும் நீலமுமாகப் பிரிந்து துடிக்கிறதே, அதெல்லாம் கிளிட்ச் மாதிரி வரைந்த அலங்காரம். நிஜக் கிளிட்சில் தகவலே உடைந்திருக்கும்.

நிஜத்தைச் செய்ய, அவிடெமக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் இரண்டு துண்டு வீடியோவை ஒட்டி, இரண்டாவது துண்டு தொடங்கும் இடத்தில் உள்ள முழுப்படத்தை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். முதல் துண்டு மாமரம், இரண்டாவது துண்டு ஆடுகிற உங்கள் தம்பி என்றால், மாமரத்தின் இலைகள் எல்லாம் தம்பியைப் போல் கை கால் ஆட்டும். இது கொஞ்சம் பொறுமை கேட்கிற வேலை. முழுப்படங்கள் குறைவாக வரும்படி வீடியோவை முதலில் மாற்றிச் சேமிக்க வேண்டும்.

அதைவிடச் சுலபமாக ஒன்றை இன்றைக்கே செய்யலாம். ஒரு போட்டோவை கம்ப்யூட்டரில் பெயின்ட்டில் திறந்து, 24 பிட் பிஎம்பி கோப்பாகச் சேமியுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் 'ரா டேட்டா' வழியாக அதை உள்ளே எடுங்கள். குறியீட்டு முறை 'யு-லா' என்று இருக்கட்டும். உங்கள் போட்டோ இப்போது ஒலி அலையாகத் தெரியும்! ஓட்டிப் பார்த்தால் கர்ரென்று இரையும், சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்சத்தைத் தேர்ந்தெடுத்து எதிரொலி சேருங்கள். அதே 'யு-லா' முறையில், தலைப்பு இல்லாத ரா கோப்பாக வெளியே எடுத்து, பெயரின் கடைசியில் பிஎம்பி என்று போட்டுத் திறந்து பாருங்கள். போட்டோவிலும் எதிரொலி கேட்பது போல, உருவங்கள் மங்கலாக மறுபடி மறுபடி தெரியும்.

ஆனால் கோப்பின் முதல் 54 பைட்டை மட்டும் தொடாதீர்கள். படம் எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம், எந்த இடத்திலிருந்து வண்ணம் ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறது. அது கெட்டால் படம் திறக்கவே திறக்காது. அலையின் இடது ஓரத்தில் ஒரு மயிரிழை அளவு விட்டுவிட்டுத் தேர்ந்தெடுத்தால் போதும்.

செய்து பார்க்கும்போது ஒரு விசித்திரம் தெரியும். ஒலியின் தொடக்கத்துக்குப் பக்கத்தில் மாற்றினால் போட்டோவின் மேல்பக்கம் கெடாது. கீழ்ப்பக்கம்தான் கெடும். பிஎம்பி கோப்பு, படத்தின் கடைசி வரியை முதலில் எழுதிக்கொண்டு கீழிருந்து மேலே போகிறது. கால்விரல் முதலில், தலைமுடி கடைசியில்! அப்படியானால் முகத்தை மட்டும் கிளிட்ச் ஆக்க வேண்டுமென்றால் அலையில் எந்தப் பக்கம் போக வேண்டும்? கண்டுபிடியுங்கள்.

அதற்கு முன், அசல் போட்டோவுக்கு ஒரு நகல் எடுத்து வைத்தீர்களா?